ஊசி வரிசையில் தாய்க்கும் ஒரு பாய்

புதன்கிழமை காலையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் குழந்தைகளின் அழுகை வாசல்வரை கேட்கும். தமிழ்நாடு முழுக்க அதுதான் தடுப்பூசி நாள். சென்னையை அடுத்த படப்பையிலும் அன்றைக்குத் துண்டில் சுற்றிய குழந்தைகளோடு தாய்மார்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். குழந்தையின் எடையைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார்கள். தொடையில் ஊசி இறங்கும். காய்ச்சல் அடித்தால் கொடுக்க மருந்து தருவார்கள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று தேதி தவறாமல் நடக்கிற இந்த ஒழுங்கு தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஒன்று.

அந்த வரிசையில் குழந்தைகளை விட்டுவிட்டுத் தாய்மார்களை மட்டும் சற்று நேரம் பாருங்கள். ஒருத்தி இடது இடுப்பை வெளியே தள்ளி, உடம்பையே ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு நிற்பாள். ஒருத்தி பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்றுவாள். இன்னொருத்தியின் மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருக்கும். குழந்தையின் தொப்பி கீழே விழுந்தால் குனிந்து எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பாள் வேறொருத்தி. இவர்களில் பலருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. குழந்தைக்கு எத்தனை கிலோ என்று அந்த இடத்தில் எல்லாரும் கேட்பார்கள். உனக்கு எங்கே வலிக்கிறது என்று அவளைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். மாத்திரைகள், தையலைக் காட்ட வேண்டிய தேதி, குழந்தையின் அடுத்த ஊசித் தேதி எல்லாம் அதில் இருந்தன. வயிற்றில் ஏழு அடுக்கு வெட்டித் தைத்த உடம்போடு கட்டிலிலிருந்து எப்படி எழுந்திருப்பது, குழந்தையை எப்படித் தூக்குவது என்பதற்கு ஒரு வரி இல்லை. வலிக்கிறது என்று வீட்டில் சொன்னபோது கிடைத்த பதில் எல்லா வீட்டிலும் கிடைப்பதுதான்: "புள்ள பெத்த உடம்பு அப்படித்தாம்மா இருக்கும்." அன்போடு சொன்னதுதான். ஆனால் தாய்மார்களின் வலிக்கு மருத்துவம் போய்ச் சேராமல் குறுக்கே நிற்பது இந்த வாக்கியம்தான் என்று இன்று நினைக்கிறேன். அப்படித்தான் இருக்கும் என்றால் அதற்கு வைத்தியம் எதற்கு?

முதுகுவலிக்கு நம் பெண்கள் சொல்கிற காரணம் ஒன்று உண்டு. "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அன்னைலேர்ந்துதான்." 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். ஏறக்குறைய பாதித் தாய்மாருக்கு முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டிருக்கும்போது, பழியை அதன்மேல் போடுவது இயல்புதான். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். சிலருக்கு முதல் வாரத்தில் கடுமையான தலைவலி வரும். அதைத் தாண்டி, பிரசவத்தின்போது முதுகில் மருந்து செலுத்தப்பட்டவர்களையும் செலுத்தப்படாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டநாள் முதுகுவலியில் வேறுபாடு தென்படவில்லை. சுகப்பிரசவம் ஆனவளுக்கும் இதே இடத்தில்தான் வலிக்கிறது.

ஊசியின்மேல் பழி போடுவதில் ஒரு பெரிய கேடு இருக்கிறது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அப்படியானால் வலியும் போகாது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. உண்மைக் காரணங்களோ ஒவ்வொன்றாகச் சரிசெய்யக்கூடியவை.

கர்ப்ப காலத்தில் உடம்பில் ரிலாக்ஸின் முதலான ஹார்மோன்கள் சுரந்து இடுப்பெலும்பின் மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்களை இளக்குகின்றன. குழந்தை வெளியே வர வழி வேண்டுமல்லவா? அதே மாதங்களில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடை கூடுகிறது, அதில் பெரும்பகுதி முன்பக்கம். விழாமல் நிற்க இடுப்பு முன்னே வளைகிறது, தோள் பின்னே போகிறது. வயிற்றின் நடுக்கோட்டில் இரண்டு பக்கத் தசைகளையும் இணைக்கும் நாரிழை அகன்று மெலிகிறது. பிரசவமான அன்றே எடையில் ஒரு பகுதி இறங்கிவிடுகிறது, ஆனால் நீண்டுபோன தசை அன்றே சுருங்குவதில்லை. நார்வேயில் 300 தாய்மாரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், வயிற்றுத் தசை விலகல் ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்கு அது இருந்தது. அந்த விலகல் உள்ளவர்களுக்கு இடுப்புவலி அதிகம் என்று அந்த ஆய்வில் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "வயிறு பிளந்து கிடக்கிறது, அதனால்தான் வலி" என்று பெண்களை மிரட்டி பெல்ட் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி இளகிப்போன உடம்பின்மேல்தான் புது வேலை ஏறுகிறது. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழுத்தைக் கவிழ்த்து, முதுகைக் கூனி, குழந்தையிடம் தன்னைக் கொண்டுபோகிறாள் தாய். தலையணைகளை அடுக்கிக் குழந்தையைத் தன் மார்புயரத்துக்குக் கொண்டுவந்தால் பாதி வலி குறையும். இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிஷம் போதும். முன்பு பாட்டியோ மருத்துவச்சியோ காலை நீட்டி உட்கார்ந்து, காலில் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். படப்பையிலும் ஒரகடத்திலும் ஒற்றை அறை வாடகை வீடுகளில் விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களில் அந்தப் பாட்டி இல்லை. மூன்றாம் மாதம் தாய்வீட்டிலிருந்து திரும்புகிறவள் தானே குளிப்பாட்டுகிறாள், தானே தண்ணீர்க் குடம் தூக்குகிறாள், தூளியிலிருந்து குனிந்து குனிந்து குழந்தையை எடுக்கிறாள். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் ஆறு கிலோ ஆகிவிடுகிறது.

கட்டைவிரல் வலியையும் பெண்கள் வீட்டு வேலைக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். "துணி பிழிஞ்சதுல பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். குழந்தையின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்கும்போது, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் ஓடும் இரண்டு தசைநாண்கள் உரசி வீங்குகின்றன. 1895-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வாவின் பெயரால் மருத்துவ உலகம் இதை அழைக்கிறது. கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, முஷ்டியை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீர் என்று வலிக்கும். உள்ளங்கை மேலே பார்க்க, சோறு அள்ளுவதுபோல் குழந்தையின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்குவது, சில வாரம் கட்டைவிரலுக்குப் பட்டை போடுவது, பிறகு மெல்ல வலுவேற்றுவது. பலருக்கு இதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது. தெரியாமல் விட்டால் ஆறு மாதம் வலிநிவாரணி மாத்திரை ஓடும்.

இன்னொரு தொல்லையைப் பெண்கள் பெண்களிடம்கூடச் சொல்வதில்லை. தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பிரசவமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்கு இது நேர்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நாம் இதற்கு ஒரு சொல்கூட வைத்துக்கொள்ளவில்லை. "அடி இறங்கின மாதிரி இருக்கு" என்று அத்தையிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ மெதுவாகச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இடுப்பெலும்பின் அடியில் ஒரு தூளிபோல் தசைகள் விரிந்து கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்குகின்றன. பிரசவத்தில் அந்தத் தூளி நைந்துபோகிறது. அதை மறுபடி இறுக்க முடியும் என்று 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் எழுதினார். சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளிழுத்து, மேலே தூக்கி, சில நொடி நிறுத்தி, முழுசாக விட வேண்டும். எட்டுப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். காசு செலவில்லை, கருவி வேண்டாம், பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம்.

செல்போன் வீடியோவைப் பார்த்துச் செய்துவிட முடியாதா என்று கேட்கலாம். சிலரால் முடியும். ஆனால் சொல்லித்தந்த பிறகும் மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறவர்கள் நிறைய. அது கசிவைக் கூட்டும். சரியாகச் செய்கிறாளா என்று பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு பெண் வேண்டும், கூச்சமில்லாமல் பேச ஒரு திரைச்சீலை வேண்டும். பிரான்சில் பிரசவமான பெண்ணுக்கு இந்தப் பயிற்சி அமர்வுகளை எழுதித் தருகிறார்கள், செலவைச் சமூகக் காப்பீடு ஏற்கிறது. அங்கே அதைப் பச்சை உடம்பின் பராமரிப்பில் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள்.

பச்சை உடம்பு என்ற சொல்லே நம்முடையதுதானே. பிரசவமானவளைப் பச்சை உடம்புக்காரி என்று பெயரிட்டு, நாற்பது நாள் கனமான எதையும் தூக்க விடாமல், வேது நீர் ஊற்றி, பூண்டும் கருவாடும் பிரசவ லேகியமும் கொடுத்து, வயிற்றில் துணி கட்டிப் பார்த்துக்கொண்ட சமூகம் இது. அதில் இருந்த தீட்டையும், தண்ணீர் குடிக்கவிடாத பத்தியத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். வெட்டுக்காயத்தின்மேல் இழுத்து இறுக்கிய துணி அடிவயிற்று அழுத்தத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். ஆனால் இந்த உடம்பு இன்னும் ஆறவில்லை, இதற்கு ஒரு கால அவகாசம் வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது. அவகாசத்தைத் தொழிற்பேட்டை வாழ்க்கை எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் வந்திருக்க வேண்டியது இயன்முறை மருத்துவம், இன்னும் வரவில்லை.

வந்த இடத்திலும் அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது. நம்மூரில் பிசியோதெரபி என்றால் "கரண்ட் வைக்கிறது". பத்து நாள் போய்ப் படுத்து, முதுகில் பட்டை ஒட்டி, சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் வலி மட்டுப்படும். தாய்மாருக்கு வேண்டிய பிசியோதெரபி அது இல்லை. சிசேரியன் ஆன மறுநாளே கணுக்காலை ஆட்டச் சொல்வது, மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்வது, இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்வது, நேராக நிமிராமல் ஒருக்களித்துத் திரும்பிக் கையூன்றி எழப் பழக்குவது. ஆறு வாரத்துக்குப் பிறகு ஆழ்ந்த வயிற்றுத் தசையையும் புட்டத் தசையையும் வலுவேற்றுவது, தழும்பைச் சுற்றி இளக்குவது, முழங்காலை மடக்கிக் குழந்தையை உடம்போடு அணைத்துத் தூக்கப் பழக்குவது. இதைச் சொல்லிக்கொடுக்கிறவர் ஏதோ ஒன்று சரியில்லை என்பதையும் கண்டுபிடிப்பார். கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டாக இருக்கலாம். தொடையிடுக்கு மரத்துப்போனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மாலைக் காய்ச்சலோடும் எடை குறைவோடும் விடாமல் முதுகு வலித்தால் எலும்புக் காசநோய்ச் சோதனை செய்யாமல் இருக்கக் கூடாது.

இனி ஆலை வேலைக்கு வருவோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் விடியற்காலை நின்று பார்த்தால் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வரிசையாக பஸ்கள் போகும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் செய்கிற ஆலைகளுக்குப் போகிற பஸ்கள். 2019–20 தொழிற்சாலைகள் ஆய்வின்படி நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழ்நாடு அரசு திறந்தது, ஆலைப் பெண்களை மனத்தில் வைத்து. நல்ல காரியம். அந்த 18,720 படுக்கைகளும் தனியாக வந்து தங்குகிறவர்களுக்கானவை. அந்தப் பெண்கள் தாயான பிறகு என்ன?

அதே ஆண்டு ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்றது அந்தச் செய்தி. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆய்வுக்குப் போன அதிகாரிகளிடம் நிறுவனம் கொடுத்த கணக்குப்படி அங்கே 33,360 பெண்கள், அவர்களில் திருமணமானவர்கள் 2,750 பேர், அதாவது சுமார் 8 சதவீதம். இந்த எண்களை வைத்து எந்த நிறுவனத்தையும் தண்டிக்க நான் வரவில்லை. ஆலை வாசலுக்கு உள்ளே தாயின் உடம்பு அரிதாக இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். அரிதானதற்கு யாரும் ஏற்பாடு செய்வதில்லை. பிள்ளை பெற்றவர்களில் பலர் காண்ட்ராக்டில் துப்புரவுக்கும் கேண்டீனுக்கும் ஜவுளிக்கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போகிறார்கள். அங்கே நிற்பதும் தூக்குவதும் இன்னும் அதிகம்.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமே நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரச் சொன்னது. 2021-இல் கடைகளுக்கும் அந்த உரிமையைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. 1961-இன் மகப்பேறு பயன் சட்டத்தை 2017-இல் திருத்தி, விடுப்பை 26 வாரமாக்கினார்கள். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். அரசு அலுவலகத்தில் நாற்காலியில் அமர்கிற தாய்க்கு ஓராண்டு, லைனில் எட்டு மணி நேரம் நிற்கிற தாய்க்கு ஆறு மாதம். இந்த வேறுபாட்டுக்கு உடம்பை வைத்து நியாயம் சொல்ல முடியாது. இருபத்தேழாவது வாரத்தின் முதல் நாள் அவள் திரும்பும்போது அவள் உடம்பு நின்று வேலை செய்யத் தயாரா என்று பார்க்கச் சொல்கிற விதி எதுவும் இல்லை. முதல் ஒரு மாதம் உட்கார்ந்து செய்யும் வேலை, ஒரு காலை மாற்றி வைக்கக் கட்டை, எடை தூக்கும் இடத்திலிருந்து விலக்கு. இதற்கு ஆலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 500 பேருக்கு மேல் உள்ள ஆலைகளில் மருத்துவ அறை ஏற்கெனவே இருக்க வேண்டியதுதான். 2024-இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலையிடத்துக்கே போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதே மேசையில் விடுப்பு முடிந்து வந்தவளையும் உட்காரவைத்துக் கேட்கலாம்.

ஆலைக்கு வெளியே இருக்கிறவளுக்கு வழி இன்னும் அருகில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பக்கவாதத்தில் விழுந்த பெரியவரைத் தேடி வட்டாரத்தின் இயன்முறை மருத்துவர் வண்டியில் போய்க் கையைக் காலை அசைக்கப் பழக்குகிறார். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது தந்தது. அந்த வண்டி போகிற தெருவிலேயே பச்சை உடம்புக்காரி இருக்கிறாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

எல்லாத் தாய்மாரின் வீட்டுக்கும் போகச் சொன்னால் அந்த ஒருவரால் முடியாது. தேவையும் இல்லை. தாய்தான் புதன்கிழமை தானாக வருகிறாளே! மூன்று புதன்கிழமைகள், ஒன்பதாம் மாத ஊசிக்கு நான்காவது. வேறு எந்த நோயாளியும் இவ்வளவு ஒழுங்காகத் தேடி வருவதில்லை. ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் ஒரு பாயும் ஒரு திரையும் போட்டு, வட்டாரத்தின் இயன்முறை மருத்துவர் அன்று காலை இரண்டு மணி நேரம் அங்கே இருந்தால் போதும். ஊசிக்குப் பிறகு குழந்தையை அரைமணி நேரம் அங்கேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். அந்த அரைமணி நேரத்தில் பத்துத் தாய்மாருக்குச் சேர்த்துத் தூக்குவதையும் எழுவதையும் பால் கொடுக்கும் நிலையையும் சொல்லித்தரலாம். தொல்லை உள்ளவளைத் திரைக்கு உள்ளே அழைத்துத் தனியாகப் பார்க்கலாம், மற்றவர்கள் அரைமணி நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் செவ்வாய்க்கிழமையிலும் இதைத் தொடங்கலாம். இடுப்புவலியைத் தடுக்கக் கர்ப்ப காலத்திலேயே உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

பக்கவாத நோயாளிகளுக்கே ஆள் போதவில்லை என்று மக்கள் நல்வாழ்வுத் துறை சொல்லலாம். உண்மைதான். அப்படியானால் வட்டாரத்துக்கு இன்னொருவரை, பெண்ணாகப் பார்த்து, நியமியுங்கள். பட்டம் பெற்றுவிட்டு அற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பிசியோதெரபி பெண்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஆலைகள் மலிந்த இந்தப் பகுதியில் சமூகப் பொறுப்பு நிதி என்று பள்ளிக்கு வர்ணம் அடிக்கும் நிறுவனங்களிடம் அந்தச் சம்பளத்தைக் கேட்கலாம். நாளைக்கு அந்த ஆலைகளுக்கு வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள்தான் இந்தப் பாயில் படுக்கப் போகிறவர்கள்.

ஆள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தாய்-சேய் நலப் புத்தகத்தில் குழந்தையின் எடைக்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே கிராம சுகாதார செவிலியர் கேட்டு எழுத நான்கு கட்டங்கள் போடலாம். அவர் அவளுடைய பேச்சிலேயே கேட்கட்டும்: இடுப்பு வலிக்குதாம்மா? கட்டைவிரல் பிடிக்குதா? தும்முனா நனையுதா? எப்போ வேலைக்குத் திரும்புற, அங்க நிக்கணுமா, தூக்கணுமா?